சமையலறை மேசையில் பிறந்த பலூன்: அன்ட்ரியாஸ் குருன்ட்சிக்கின் கதை

அப்பாவின் பணப்பையில் தேசிய அடையாள அட்டைக்குப் பின்னால் இன்னோர் அட்டை இருக்கிறது. அவருடைய இதயத்தில் வைக்கப்பட்ட ஸ்டென்ட்டின் விபரம் அதில் இருக்கிறது. குறுக்களவு 3 மில்லிமீற்றர், நீளம் 18 மில்லிமீற்றர், பூசப்பட்ட மருந்தின் பெயர், வைத்த திகதி. 2021ஆம் ஆண்டின் கடைசியில் நெஞ்சுவலி வந்து, கொழும்பில் அஞ்சியோகிராம் செய்தபோது வைத்தது அது.

அடுத்த ஆண்டு நாடு என்ன நிலையில் இருந்தது என்பது உங்களுக்குத் தெரியும். எரிபொருளுக்கு வரிசை, எரிவாயுவுக்கு வரிசை, பாமசிகளில் வெறும் தட்டுகள். அப்பாவுக்கு எழுதிக்கொடுத்த இரண்டு குளிசைகளில் ஒன்றைத் தேடி நான் ஒவ்வொரு பாமசியாக ஏறி இறங்கினேன். கிடைத்த இடத்திலும் விலை கூடியிருந்தது. ஒரு நாள் அட்டையில் மிச்சமிருந்த குளிசைகளை எண்ணியபோது கணக்குப் பிழைத்தது. அப்பா யாரிடமும் சொல்லாமல் ஒரு நாள் விட்டு ஒரு நாள் போட்டுக்கொண்டிருந்தார். கேட்டதற்கு அவர் சொன்ன நியாயம் எளிமையானது. அடைப்பை எடுத்தாயிற்று, உள்ளே வலையும் வைத்தாயிற்று, பிறகு எதற்கு இவ்வளவு விலைக்கு மருந்து?

வைத்தியர் தொலைபேசியில் ஒரு நிமிடத்தில் பதில் சொல்லி அப்பாவைப் பழையபடி குளிசைக்குத் திருப்பினார். எனக்கு அந்த ஒரு நிமிடம் போதவில்லை. திறந்து வைத்த குழாய்க்குள் ஏன் வலை? வலைக்கு ஏன் மருந்துப் பூச்சு? பூச்சு இருக்கும்போது ஏன் குளிசை? இந்தக் கேள்விகளைப் பின்தொடர்ந்து போனபோது எல்லாம் ஒரு மனிதரிடம் போய் முடிந்தன. ஸ்டென்ட் அவருடைய கண்டுபிடிப்பு அல்ல. அதைக் காண அவர் உயிரோடும் இருக்கவில்லை. ஆனால் அப்பாவின் நெஞ்சில் இருக்கும் அந்த வலை எந்தக் கேள்விக்கான பதிலோ, அந்தக் கேள்வியை முதலில் எழுப்பி எண்ணிக் கணக்கு வைத்தவர் அவர்தான்.

போரில் தொலைந்த தகப்பன்

அன்ட்ரியாஸ் குருன்ட்சிக் 1939 ஜூன் 25ஆம் திகதி ஜேர்மனியின் ட்ரெஸ்டன் நகரில் பிறந்தார். அவர் பிறந்து சில வாரங்களில் இரண்டாம் உலகப் போர் தொடங்கியது. ஆசிரியராக இருந்த தகப்பன் விமானப் படையின் வானிலைப் பிரிவுக்கு அழைக்கப்பட்டார். அவர் திரும்பி வரவேயில்லை.

தாய் இரண்டு ஆண்பிள்ளைகளோடு தனித்து நின்றார். 1950இல் பிள்ளைகளுடன் ஆர்ஜென்டினாவுக்குக் குடிபெயர்ந்தார்கள். அந்த ஊர் ஒட்டவில்லை. 1952இல் திரும்பி வந்து லைப்சிக் நகரில் குடியேறினார்கள். அப்போது அது கம்யூனிசக் கிழக்கு ஜேர்மனி. பெயர்பெற்ற தோமஸ் பாடசாலையில் படித்து நல்ல பெறுபேறுகளோடு வெளியே வந்த இளைஞர், பேர்லினில் சுவர் எழும்புவதற்குச் சில ஆண்டுகள் முன்னரே மேற்கு ஜேர்மனிக்குத் தப்பிப் போனார். ஹைடெல்பேர்க் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் படித்து 1964இல் பட்டம் பெற்றார்.

அதே 1964ஆம் ஆண்டு, ஜனவரி 16ஆம் திகதி, அமெரிக்காவின் போட்லன்ட் நகரில் சார்ள்ஸ் டொட்டர் என்ற கதிரியக்க நிபுணர் ஒரு காரியம் செய்தார். 82 வயது மூதாட்டி ஒருவரின் கால் அழுகத் தொடங்கியிருந்தது. காலை எடுப்பதற்கு அவர் சம்மதிக்கவில்லை. டொட்டர் அவருடைய தொடை நாடிக்குள் ஒரு மெல்லிய கம்பியை விட்டு, அதன் மேலால் ஒரு குழாயையும், அதற்கும் மேலால் அதைவிடத் தடித்த இன்னொரு குழாயையும் தள்ளி, அடைபட்ட இடத்தை அகலமாக்கினார். கால் தப்பியது. ஆனால் அமெரிக்காவில் சத்திரசிகிச்சை நிபுணர்கள் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. டொட்டரின் முறை ஐரோப்பாவில்தான், அதிலும் ஜேர்மனியில்தான் பின்பற்றப்பட்டது.

அங்கேதான் இளம் வைத்தியரான குருன்ட்சிக் அதைக் கேள்விப்பட்டார். 1969இல் சுவிற்சர்லாந்தின் சூரிச் பல்கலைக்கழக வைத்தியசாலையில் இரத்தக்குழாய் நோய்ப் பிரிவில் வேலைக்குச் சேர்ந்தார். பிறகு ஜேர்மனியில் டொட்டரின் முறையைச் செய்துவந்த எபர்ஹார்ட் சைட்லரிடம் போய்ப் பழகிவந்தார்.

இன்று எங்கள் ஊர்களிலிருந்து போன ஆயிரக்கணக்கான குடும்பங்கள் வாழும் நகரம் சூரிச். என் பெரியம்மாவின் மகன் அந்த வைத்தியசாலைக்கு முன்னால் போகும் ட்ராமில்தான் வேலைக்குப் போய்வருகிறான். இந்தக் கதையை நான் சொல்லும்வரை அந்தக் கட்டடத்துக்குள் என்ன நடந்தது என்று அவனுக்குத் தெரியாது.

சமையலறை மேசை

டொட்டரின் முறையில் ஒரு குறை இருந்தது. அடைப்பை அகலமாக்க வேண்டுமென்றால், அவ்வளவு தடித்த குழாயையே உள்ளே விட வேண்டும். அது போகிற வழியில் நாடியின் சுவரை உரசும், படிவுகளைப் பெயர்த்துத் தள்ளும். காலில் உள்ள பெரிய நாடிக்கே அது ஆபத்து. இதயத்தின் தசைக்கு இரத்தம் கொடுக்கும் முடியுரு நாடிகள் இரண்டு முதல் நான்கு மில்லிமீற்றர் அகலம்தான். அங்கே இந்த முறையை நினைத்தும் பார்க்க முடியாது.

மெல்லிதாக உள்ளே போய், அடைப்புள்ள இடத்தில் மட்டும் பக்கவாட்டில் விரிந்து, திரும்ப மெல்லிதாகி வெளியே வரும் ஒன்று வேண்டும் என்பது குருன்ட்சிக்கின் எண்ணம். அதாவது ஒரு பலூன். ஆனால் சாதாரண இறப்பர் பலூன் உதவாது. அடைப்பு இறுக்கமாக இருக்கும் இடத்தில் விரியாமல், அதற்கு முன்னும் பின்னும் மட்டும் ஊதிக்கொண்டு நிற்கும். அழுத்தத்தைக் கூட்டினால் நாடியைக் கிழித்துவிடும். குறித்த அளவுக்கு விரிந்ததும் நின்றுவிடுகிற, ஆனால் அடைப்பை நசுக்கும் பலமுள்ள பலூன் வேண்டும்.

பகலில் வைத்தியசாலை, இரவில் வீட்டுச் சமையலறை. அந்த மேசையில் அவரோடு இருந்தவர்கள் மனைவி மிகேலா, வைத்தியசாலை உதவியாளர் மரியா ஷ்லும்ப், மரியாவின் கணவர் வால்டர். சின்னச் சின்னக் குழாய்களை வெட்டி, ஒட்டி, சூடாக்கி, ஊதிப் பார்த்தார்கள். வெடித்தன, மறுபடி செய்தார்கள். சூரிச்சின் தொழில்நுட்ப உயர்கல்வி நிறுவனத்தில் இரசாயனப் பேராசிரியராக இருந்து ஓய்வுபெற்ற ஹைன்றிஹ் ஹொப் என்பவரிடம் போய்க் கேட்டபோது, அவர் பி.வி.சி. பிளாஸ்டிக்கைக் காட்டிக்கொடுத்தார். நாங்கள் தண்ணீர்க் குழாய்க்குப் பாவிக்கும் அதே வகைப் பொருள்தான். அதிலிருந்து, நீளுருண்டையாக, அளவு மாறாமல் விரியும் பலூன் பிறந்தது.

1974 பெப்ரவரி 12ஆம் திகதி முதன்முறையாக ஒரு நோயாளியின் கால் நாடியை இந்தப் பலூனால் விரித்தார். பிறகு அதை இன்னும் சிறிதாக்கினார். நாய்களின் முடியுரு நாடிகளில் செய்து பார்த்தார். 1976இல் அமெரிக்க இதயச் சங்கத்தின் மாநாட்டில் அந்த முடிவுகளைச் சுவரொட்டியாக வைத்தார். பார்த்துவிட்டுப் போனவர்களில் பெரும்பாலோர் நம்பவில்லை. நின்று கேட்ட சிலரில் ஒருவர் சான்பிரான்சிஸ்கோவின் றிச்சர்ட் மைலர். 1977 மே மாதம் அவருடன் சேர்ந்து, திறந்த நெஞ்சுச் சத்திரசிகிச்சை நடந்துகொண்டிருக்கும்போதே நோயாளிகளின் முடியுரு நாடிகளில் பலூனை விட்டுப் பார்த்தார். கிழிந்து பறந்த படிவுகள் எதுவும் கீழே போய் அடைக்கவில்லை.

1977 செப்டெம்பர் 16

அந்த நாள் சூரிச்சில் மேசையில் படுத்திருந்தவர் 38 வயதுக் காப்புறுதி முகவர். இதயத்தின் முன்புறம் இறங்கும் முக்கியமான நாடியில் ஒரேயொரு குறுகிய அடைப்பு. பைபாஸ் சத்திரசிகிச்சைக்கு நாள் குறிக்கப்பட்டிருந்தது. நெஞ்சைத் திறக்காமல் செய்யலாம் என்று கேட்டபோது அவர் சம்மதித்தார். அவர் மயக்கப்படவில்லை, விழித்திருந்தார். சத்திரசிகிச்சைப் பிரிவின் தலைவர் ஓகே செனிங் ஆதரவு கொடுத்து, பிழைத்தால் உடனே நெஞ்சைத் திறக்க ஒரு குழுவைத் தயாராக வைத்திருந்தார். செனிங் சாதாரண ஆள் அல்ல. 1958இல் உலகின் முதலாவது உட்பொருத்தும் இதயமுடுக்கியை வைத்தவர். தன்னுடைய துறையின் வேலையையே குறைக்கக்கூடிய ஒரு முறைக்கு இடம் கொடுத்தவர் அவர்.

பலூன் போனது, விரிந்தது, சுருங்கியது. மறுபடி விரிந்தது. நோயாளியின் இதயம் நிற்கவில்லை, தாறுமாறாகத் துடிக்கவுமில்லை. அடைப்பு திறந்துவிட்டது. பத்து ஆண்டுகளின் பின் அதே நோயாளிக்கு அஞ்சியோகிராம் செய்தபோதும் அந்த இடம் திறந்தே இருந்தது.

அந்த ஆண்டு நவம்பரில் அமெரிக்க இதயச் சங்கத்தின் மாநாட்டில் முதல் நான்கு நோயாளிகளின் படங்களைக் காட்டியபோது மண்டபம் கைதட்டியது. ஒரு வருடத்துக்கு முன் சந்தேகத்தோடு கடந்துபோன அதே துறைதான். 1978 பெப்ரவரி 4ஆம் திகதி லான்செட் சஞ்சிகையில் ஐந்து நோயாளிகளைப் பற்றிய அவரது சிறிய கடிதம் வெளிவந்தது.

தோல்வியை எண்ணியவர்

இந்த இடத்தில் பல வாழ்க்கைக் கதைகள் வெற்றியோடு முடிந்துவிடும். எனக்கு குருன்ட்சிக் முக்கியமானவராகத் தெரிவது இதற்குப் பிறகுதான்.

1979 ஜூலையில் நியூ இங்கிலன்ட் மருத்துவ சஞ்சிகையில் அவர் முதல் 50 நோயாளிகளின் கணக்கை வெளியிட்டார். 32 பேரில் வெற்றி. மற்றவர்களில் சரிவரவில்லை. ஐந்து பேருக்கு நிலைமை திடீரென மோசமாகி அவசர பைபாஸ் செய்ய வேண்டி வந்தது. அவர்களில் மூவரின் ஈ.சீ.ஜி.யில் மாரடைப்பின் அடையாளம். ஒன்றையும் மறைக்கவில்லை. ஒரு புதிய முறையை விற்க வருபவர் எழுதும் அறிக்கையல்ல அது.

நேரடி வகுப்புகளிலும் அப்படித்தான். 1978 முதல் சூரிச்சுக்கு வைத்தியர்களை அழைத்து, சிகிச்சை அறையில் தான் செய்வதைத் தொலைக்காட்சித் திரையில் அவர்கள் நேரடியாகப் பார்க்க வைத்தார். பிழைத்தாலும் அவர்களுக்கு முன்னால்தான் பிழைக்கும். பழகாத கைகளில் தன் பலூன் ஆளைக் கொல்லும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. அதனால் பயிற்சி இல்லாதவர்களிடம் அது போவதைக் கட்டுப்படுத்தப் பார்த்தார். 1979இல் அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனத்தின் கீழ் ஒரு பதிவேடு தொடங்கியது. எங்கெங்கு செய்தாலும், நல்லதோ கெட்டதோ, முடிவு அதில் பதியப்பட்டது.

அந்தக் கணக்குகளில் இரண்டு பிரச்சினைகள் திரும்பத் திரும்ப வந்தன. ஒன்று, சிலருக்குப் பலூன் வெளியே வந்த சில மணி நேரத்திலேயே நாடியின் உட்சுவர் கிழிந்து தொங்கி அடைத்துக்கொண்டது. இரண்டு, கிட்டத்தட்ட மூன்றில் ஒருவருக்கு ஆறு மாதத்துக்குள் அதே இடம் மறுபடி ஒடுங்கியது. அழுத்தி விரித்த நாடி மீளச் சுருங்குகிறது. காயப்பட்ட சுவரில் தசைக்கலங்கள் தழும்பு போல வளர்ந்து வழியை மூடுகின்றன. பலூன் அடைப்பைத் திறந்தது, ஆனால் நாடி அதைக் காயமாகவே எடுத்துக்கொண்டது. இதற்கான விடை குருன்ட்சிக்கிடம் இருக்கவில்லை.

சூரிச்சில் அவருக்குக் கிடைத்த கட்டில்களும் சிகிச்சை அறை நேரமும் போதவில்லை. 1980இல் அமெரிக்காவின் அட்லான்டாவிலுள்ள எமோரி பல்கலைக்கழகத்துக்குப் போனார். அங்கே நோயாளிகளும் மாணவர்களும் பெருகினர். சமையலறை மேசையில் தொடங்கியவர் உலகறிந்த மனிதரானார். சொந்தமாக விமானம் வாங்கி ஓட்டினார்.

1985 ஒக்டோபர் 27ஆம் திகதி, ஜோர்ஜியாவின் கரையோரத்திலுள்ள தன் வீட்டிலிருந்து அட்லான்டாவுக்கு மனைவி மார்கரட் ஆனுடன் புறப்பட்டார். அது அவருடைய இரண்டாவது திருமணம். காலநிலை மோசமாக இருந்தது. இரட்டை இயந்திர விமானம் வழியில் ஃபோர்சைத் என்ற ஊருக்கு அருகே விழுந்தது. இருவரும் இறந்தார்கள். அவருக்கு வயது 46. அதே 1985இல், சில மாதங்களுக்கு முன்னர், சார்ள்ஸ் டொட்டரும் இறந்திருந்தார்.

அவருக்குப் பின் வந்த விடைகள்

குருன்ட்சிக் இறந்து ஐந்து மாதங்களில், 1986 மார்ச் 28ஆம் திகதி, பிரான்சின் துலூஸ் நகரில் ஜாக் புவெல் ஒரு மனிதரின் முடியுரு நாடியில் முதல் ஸ்டென்ட்டை வைத்தார். சுவிற்சர்லாந்தின் லோசான் நகரில் உல்றிஹ் சிக்வார்ட்டும் அதே ஆண்டில் வைத்தார். பலூன் விரித்த இடத்தில் உலோக வலை ஒன்று நின்று தாங்கிப் பிடிக்கிறது. கிழிந்த சுவர் விழாது, நாடி மீளச் சுருங்காது. முதலாவது பிரச்சினை பெருமளவுக்குத் தீர்ந்தது. ஏன் வலை என்ற என் முதல் கேள்விக்குப் பதில் இதுதான்.

இரண்டாவது பிரச்சினை தீரவில்லை. வலையின் துவாரங்களுக்கு ஊடாகத் தசைக்கலங்கள் உள்நோக்கி வளர்ந்தன. அதற்கான மருந்து வந்தது எங்கோ தொலைவிலிருந்து. 1964இன் கடைசியில் கனடாவிலிருந்து ஈஸ்டர் தீவுக்குப் போன ஆய்வுக் குழு கொண்டுவந்த மண்ணில் ஒரு நுண்ணங்கி இருந்தது. அது சுரந்த பொருளை மொன்றியலில் இந்தியாவில் பிறந்த விஞ்ஞானி சுரேன் சேகல் குழுவினர் பிரித்தெடுத்தார்கள். தீவின் சொந்தப் பெயரான ரபா நூயியிலிருந்து அதற்கு ரபாமைசின் என்று பெயர் வந்தது. சிறுநீரக மாற்றுச் சிகிச்சைக்குப் பயன்பட்ட அந்த மருந்துக்குக் கலங்கள் பெருகுவதை நிறுத்தும் குணம் இருந்தது. அதைப் பொலிமரில் கலந்து வலையின் மேல் பூசினால், வாரக்கணக்கில் மெல்ல மெல்லக் கசிந்து, அந்த இடத்தில் மட்டும் தழும்பு வளராமல் தடுக்கும்.

1999 டிசெம்பரில் பிரேசிலின் சாவோ போலோ நகரில் எதுவார்தோ சோசா அத்தகைய ஸ்டென்ட்டை முதன்முறையாக நோயாளிகளுக்கு வைத்தார். 2002இல் வெளிவந்த, 238 நோயாளிகளைக் கொண்ட ஆய்வில், ஆறு மாதத்தில் சாதாரண ஸ்டென்ட் வைத்தவர்களில் நான்கில் ஒருவருக்கு மேல் மறுபடி ஒடுங்கியது. மருந்து பூசியதை வைத்தவர்களில் ஒருவருக்குக்கூட இல்லை. ஐரோப்பாவில் 2002இலும் அமெரிக்காவில் 2003இலும் அது பாவனைக்கு அனுமதிக்கப்பட்டது.

ஒவ்வொரு விடையும் ஒரு புதிய கேள்வியோடுதான் வருகிறது. தழும்பை வளரவிடாத மருந்து, நாடியின் உட்புறத் தோலையும் சீக்கிரம் வளரவிடுவதில்லை. தோல் மூடாத உலோகம் இரத்தத்தில் வெளியே தெரிந்துகொண்டிருக்கும்வரை அதன் மேல் இரத்தம் உறையலாம். உறைந்தால் திடீர் மாரடைப்பு. வைத்து ஒரு வருடம் கடந்த பிறகும் சிலருக்கு அப்படி நடந்தது 2006இல் இதயநோய் உலகத்தையே கலக்கியது. பிறகு வந்த வலைகள் மெல்லியவை, பூச்சுகள் உடலுக்கு ஒத்துப்போகிறவை. ஆபத்து குறைந்திருக்கிறது, இல்லாமல் போகவில்லை. அதனால்தான் அஸ்பிரினும் குளோபிடோகிறெல் போன்ற இன்னொரு குளிசையும் சேர்த்துக் கொடுக்கிறார்கள். ஆளைப் பொறுத்துப் பல மாதங்கள், மாரடைப்போடு வந்தவர்களுக்குப் பெரும்பாலும் ஒரு வருடம். அதன் பிறகும் ஒன்று தொடரும். எப்போது நிறுத்துவது என்பதை வைத்தியர்தான் சொல்ல வேண்டும். விலை சொல்லக் கூடாது, நாங்களும் சொல்லக் கூடாது.

குருன்ட்சிக்கின் பலூனும் பழசாகிப் போய்விடவில்லை. 2006இல் ஜேர்மன் ஆய்வாளர்கள் பலூனின் மேலேயே பக்லிடக்சல் என்ற மருந்தைப் பூசி, ஸ்டென்ட்டுக்குள் மறுபடி ஒடுங்கிய 52 நோயாளிகளில் செய்து பார்த்து நல்ல முடிவை வெளியிட்டார்கள். எதையும் உள்ளே விட்டுவிட்டு வராமல், மருந்தை மட்டும் சுவரில் தடவிவிட்டு வெளியே வருவது. ஏறத்தாழ முப்பது வருடம் சுற்றி, கதை மறுபடி பலூனிடம் வந்து நின்றது.

அப்பாவுக்கு இதையெல்லாம் ஒரு மாலையில் சொன்னேன். சமையலறை மேசையையும் வெடித்த பலூன்களையும் அவர் ரசித்துக் கேட்டார். ஐம்பது பேரில் முப்பத்திரண்டு என்ற கணக்கைச் சொன்னபோது, மிச்சப் பதினெட்டுப் பேரையும் ஏன் எழுதினார் என்று கேட்டார். எழுதியதால்தான் உங்களுக்கு வலையும், வலைக்கு மருந்தும், மருந்துக்குக் குளிசையும் வந்தன என்று சொன்னேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை.

இப்போது சுவரில் தொங்கும் நாட்காட்டியில் குளிசை போட்ட ஒவ்வொரு நாளுக்கும் ஒரு புள்ளி வைக்கிறார். போட மறந்த நாளுக்கும் மறைக்காமல் ஒரு கோடு போடுகிறார். மாத முடிவில் நான் எண்ணிப் பார்க்கிறேன்.